சாண வாயுவை அளந்தறியும் முறை

சாணத்தை வறட்டியாகத் தட்டி எரித்துவிட்டால் வயலுக்கு எரு இல்லை. எருக்குழியில் இட்டால் அடுப்புக்கு எரிபொருள் இல்லை. செஞ்சியை அடுத்த சிங்கவரம் போன்ற, பாறைக் குன்றுகளின் அடியில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் கிராமங்களில் இச்சங்கடம் நெடுநாளையது. சாண வாயுக் கலம் இவ்விரண்டையும் ஒருங்கே அளிக்கவல்லது. பம்பாய் மாதுங்காவில் 1897-ம் வருஷத்திலேயே கழிவுப் பொருள்களிலிருந்து வாயு எடுத்து உபயோகித்தனர். பிற்காலத்தில் ஜஷ்பாய் பட்டேல் என்பார் மிதக்கும் டிரம்முடன் கூடிய 'கிராமலட்சுமி' என்னும் கலத்தை அமைத்தார். கதர் கிராமத் தொழில் கமிஷன் பின்னர் அதனை நாடெங்கும் பரப்பிற்று.

கலம் கட்டிய பிறகு எழும் தகராறு ஒன்று உண்டு. சங்கத்தில் கடன் பெற்றுக் கட்டிய அங்கத்தினர், "வாயு போதவில்லை" என்று தவணை செலுத்தத் தயங்குவார். கட்டிய கொத்தனாரோ, "சாணம் குறைவாகக் கரைத்து ஊற்றுகிறார்" என்பார். அளவு ஒன்று கையில் இல்லாதவரையில் எவர் சொல்வது மெய் என்று நிர்வாகக் குழுவினர் அறிய வழியில்லை.

மிதக்கும் டிரம் உள்ள கலத்தில் அந்த டிரம்மே ஒரு மானியாகும். வாயு சேரச்சேர அது எழும்பும். செலவாகச் செலவாகத் தாழும். குறுக்களவு 125 சென்டிமீட்டர் உள்ள டிரம் 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 12¼ லிட்டர் வாயு சேர்ந்ததாகக் கொள்ளலாம். டிரம் ஒருபுறம் சாய்ந்து நிற்பது சகஜமாதலால், எதிரெதிராக இரண்டு இடங்களில் அளந்து சராசரி காண்பது அவசியம்.

இரவு 8 மணிக்கு, டிரம் நன்றாகத் தாழ்ந்திருக்கையில், அதன் மேலுள்ள வால்வை மூடிவிட்டு உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலை 6 மணிக்கு அது 60 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், 10 மணி நேரத்தில் 736 லிட்டர் உண்டாயிற்று; அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1,770 லிட்டர். ஒரு கிலோ பசுஞ்சாணம் 36 முதல் 40 லிட்டர் வரை வாயு தருமென்பது பொதுவான கணக்கு. 45 கிலோ ஊற்றுபவருக்கு இது நியாயமான விளைவே. ஒருவருக்குச் சமைக்க நாளொன்றுக்கு 240 லிட்டர் வேண்டுமாதலால் ஏழு பேர் உள்ள குடும்பத்துக்கு இது போதும். மார்கழி, தை மாதக் குளிரில் சற்றுக் குறையும். அதற்காகக் கொத்தனாரைக் குறைகூறுதல் தகாது.

மறுநாள் இரவு டிரம் வால்வைத் திறந்துவைத்து, அடுப்படி வால்வை மட்டும் மூடி, அதேபடி அளக்க வேண்டும். உயரம் 60-க்குப் பதில் 45 ஆனால், குறைந்த வாயு குழாய் வழியே கசிந்துவிட்டதென்று பொருள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் குமிழி எழும் இடமே ஓட்டை. விளக்கையோ தீக்குச்சியையோ கொண்டு தேடுவது உயிருக்கே ஆபத்து. முதல் இரவிலேயே உயரம் குறைந்திருந்தால் சாணத்தின் அளவையும் டிரம்மின் துருவையும் பார்க்க வேண்டும்.

அடுப்பின் செலவை அறிய, 10 நிமிஷம் எரியவிட்டு டிரம் தாழ்ந்ததை அளக்கலாம். 5 சென்டிமீட்டர் தாழ்ந்ததென்றால் அதனோடு 1 சென்டிமீட்டர் கூட்டவேண்டும். ஏனெனில், அந்த 10 நிமிஷத்திலும் புதிய வாயு உண்டாகிக்கொண்டே இருந்தது. இதனைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஆக 6 சென்டிமீட்டர். மணிக்குச் சுமார் 440 லிட்டர். அடுப்பு மிகுதியாகக் குடிக்கிறதா என்பது இவ்விதம் விளங்கிவிடும்.

1984-ல் வந்த தீனபந்து முதலிய நிலைத்த கூரைக் கலங்களில் டிரம் இல்லை. அவற்றில் வெளியேறும் தொட்டியில் சாணக் கரைசல் உயர்வதைக் கொண்டு தோராயமாக மதிக்கலாம். சிலர் பிளாஸ்டிக் குழாயை வளைத்து நீர் நிரப்பி அழுத்தம் பார்க்கின்றனர். அது அழுத்தத்தைக் காட்டுமேயன்றி ஓட்டத்தைக் காட்டாது. குழாயினுள் சிறு துளையுள்ள தகடு ஒன்றை வைத்து, அதன் இருபுறத்து அழுத்த வித்தியாசத்தைக் கண்டால் ஓட்டத்தைக் கணிக்கலாம். ஆனால் வித்தியாசம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரு மடங்கே ஆகும். நேர்க்கணக்குப் போடுபவர் ஏமாறுவார்.

கடையில் விற்கும் மானிகளில், நகரங்களில் வீட்டுக் குழாய்களில் பொருத்தப்படும் தோல்பை மானி மொத்த அளவைக் கூட்டிக் காட்டும். ரோட்டாமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாயில் மிதவை எழும்பி அந்தக் கணத்து ஓட்டத்தைத் தெரிவிக்கும். இது பெரும்பாலும் காற்றுக்கென்று அளவிடப்பட்டிருக்கும். சாண வாயு காற்றைவிடச் சற்று இலேசானதால், மெய்யான ஓட்டம் குறியைவிட நூற்றுக்கு 3 பங்கு அதிகமாகும். கிராமத் தேவைக்கு இது பொருட்டன்று. ஒவ்வொரு வீட்டாரும் மானி வாங்குவது வீண் செலவு. சங்கம் ஒன்று வாங்கி முறைவைத்து வழங்கலாம். சாண வாயுவிலுள்ள கந்தக வாயுவும் ஈரமும் மானியின் உலோகத்தை அரிப்பதால், குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடியும் வால்வும், மானிக்கு முன் இரும்புத் தூள் அடைத்த குப்பியும் வைத்தல் வேண்டும்.