கலிஃபோர்னியாவின் 187-ஆம் முன்மொழிவும் வலதுசாரிகளின் முடியாத வழக்கும்

1994 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னிய வாக்காளர்கள் 187-ஆம் முன்மொழிவை ஏறத்தாழ 59 சதவீத ஆதரவுடன் நிறைவேற்றினார்கள். உரிய ஆவணங்கள் இல்லாமல் அந்த மாநிலத்தில் வாழ்பவர்களுக்கு அரசுப் பள்ளிக் கல்வி, அவசரமல்லாத மருத்துவம், சமூக நல உதவிகள் ஆகியவற்றை மறுப்பது அதன் நோக்கம். சந்தேகத்துக்கு உள்ளானவர்களைப் பற்றி ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் காவலர்களும் குடியேற்றத் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. அதன் முக்கியப் பிரிவுகள் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் மாநில அரசியல், தேர்தல், குடியேற்றம் பற்றி அமெரிக்க வலதுசாரிகள் இன்று பேசுவதில் பெரும்பகுதி அந்த ஆண்டில் எழுந்த வாதத்தின் தொடர்ச்சிதான்.

கலிஃபோர்னியாவில் சட்டம் இயற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு மட்டும் உரியதல்ல. 1911-இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாட்டின்படி, போதிய வாக்காளர்களின் கையெழுத்தைத் திரட்டினால் ஒரு சட்ட முன்வரைவை நேரடியாக மக்கள் வாக்குக்கு விடலாம். 187-ஆம் முன்மொழிவு அந்த வழியில்தான் வந்தது. அதை முன்னெடுத்தவர்கள் வைத்த பெயர் ‘நம் மாநிலத்தைக் காப்போம்’. அப்போது மாநிலம் கடும் பொருளாதார மந்தத்தில் இருந்தது. பனிப்போர் முடிந்ததும் விமான, பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகள் ஆட்குறைப்பில் இறங்கின. வேலையில்லாதோர் விகிதம் 9 சதவீதத்தைத் தாண்டியது. வரி வருவாய் சுருங்க, பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணம் போதவில்லை. பற்றாக்குறைக் காலத்தில், பங்குக்கு வருபவர் யார் யார் என்ற கேள்வி கூர்மையடைவது எந்த நாட்டிலும் நடப்பது.

இதற்குப் பின்னால் இன்னொரு பழைய மனக்குறையும் இருந்தது. கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் வலதுசாரிகளின் பெருந்தலைவருமான ரொனால்ட் ரேகன், குடியரசுத் தலைவராக இருந்தபோது 1986 நவம்பரில் ஒரு குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வக் குடியிருப்புரிமை பெற்றார்கள். அதற்கு ஈடாக, ஆவணமற்றவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை உண்டு என்றது சட்டம். மன்னிப்பு உடனே கிடைத்தது, தண்டனையோ பெயரளவில் நின்றது. தாங்கள் ஏமாற்றப்பட்டதாக வலதுசாரிப் பத்தியாளர்கள் அன்று முதல் எழுதிவருகிறார்கள். அந்தக் குறையில் உண்மை இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

1994-இல் ஆளுநராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் பீட் வில்சன். இந்தியாவில் போல மேலிருந்து நியமிக்கப்படுபவரல்ல அமெரிக்க மாநில ஆளுநர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, இங்கே முதல்வர் செய்யும் வேலையைச் செய்பவர். மறுதேர்தலை எதிர்நோக்கிய வில்சன், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கேத்லீன் பிரவுனுக்குக் கருத்துக்கணிப்புகளில் வெகுவாகப் பின்தங்கியிருந்தார். அமெரிக்க மேலவை உறுப்பினராக இருந்த காலத்தில், பண்ணை முதலாளிகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். இப்போது 187-ஐத் தன் பிரசாரத்தின் மையமாக்கினார். சான் இசிட்ரோ எல்லைச் சாவடியில் மனிதர்கள் வாகனங்களுக்கு இடையே ஓடிவரும் மங்கலான காட்சியோடு, ‘அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்’ என்ற குரல் ஒலிக்கும் தொலைக்காட்சி விளம்பரம் மாநிலமெங்கும் ஓடியது. அவர் ஏறத்தாழ 55 சதவீத வாக்குகளுடன் வென்றார். அதே தேர்தலில் மாநிலக் கீழவையிலும் அவர் கட்சி 80 இடங்களில் 41-ஐப் பிடித்தது.

முன்மொழிவை ஆதரித்த வலதுசாரிகளின் வாதம் மூன்று தூண்களில் நின்றது. சட்டத்தை மீறி வந்தவருக்குச் சட்டத்தை மதிப்பவரின் வரிப்பணத்தில் சேவை தருவது அநீதி என்பது முதலாவது. எல்லையைக் காப்பது மத்திய அரசின் கடமை, அது தவறியதன் செலவை மாநிலம் சுமக்கிறது என்பது இரண்டாவது. இதற்கு இழப்பீடு கோரி கலிஃபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்கள் அந்த ஆண்டில் மத்திய அரசின் மீது வழக்கே தொடுத்தன. மூன்றாவது பண்பாடு பற்றியது. பெருந்தொகையான குடியேற்றம் நாட்டின் இயல்பையே மாற்றிவிடும் என்ற அச்சம் அது. ‘நேஷனல் ரிவ்யூ’ இதழில் 1992-இல் பீட்டர் பிரிமலோ எழுதிய நீண்ட கட்டுரையும் 1995-இல் வந்த அவருடைய நூலும் இதைக் கோட்பாடாகவே வளர்த்தன. 1987-இல் வானொலிக்கான கருத்துச் சமநிலை விதி நீக்கப்பட்டபின் பெருகிய வலதுசாரிப் பேச்சு வானொலிகள் இந்த வாதங்களைக் காரோட்டிகளின் காதுவரை கொண்டுசென்றன.

எதிர்ப்பு இடதுசாரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. 1994 அக்டோபரில், ரேகன் ஆட்சியின் கல்வி அமைச்சர் வில்லியம் பென்னட்டும், வரிக்குறைப்புக் கொள்கையின் முன்னோடியான ஜாக் கெம்ப்பும் முன்மொழிவை வெளிப்படையாக எதிர்த்தார்கள். இருவரும் அசல் வலதுசாரிகள். குழந்தையின் பெற்றோரைக் காட்டிக்கொடுக்கும் வேலையை ஆசிரியர் தலையில் கட்டுவது அரசின் கையை வீட்டுக்குள் நீட்டுவதாகும் என்பதும், உழைப்பையும் குடும்பத்தையும் மதபக்தியையும் போற்றும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிச் சமூகத்தைக் கட்சி பல ஆண்டுகளுக்குப் பகைத்துக்கொள்ளும் என்பதும் இந்தத் தரப்பின் வாதங்கள். அந்த ஆண்டு உட்கட்சித் தேர்தலில் வில்சனை எதிர்த்து நின்ற மென்பொருள் தொழிலதிபர் ரான் உன்ஸும் 187-ஐ எதிர்த்தார். அதே உன்ஸ்தான் 1998-இல், பள்ளிகளில் இருமொழிக் கல்வியைக் கட்டுப்படுத்திய 227-ஆம் முன்மொழிவை முன்னின்று வெல்லவைத்தார். குடியேறிகளை வரவேற்போம், ஆனால் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறட்டும் என்பது அவர் நிலை. ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தலையங்கப் பக்கமோ 1984-இலேயே எல்லைகளைத் திறந்துவிடச் சொன்ன பக்கம். டெக்சஸில் 1994-இல் ஆளுநராக வென்ற ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷும் வில்சனின் வழியைப் பின்பற்றவில்லை. வலதுசாரிகள் என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் கூட்டத்தில் குடியேற்றம் பற்றி ஒரே கருத்து எக்காலத்திலும் இருந்ததில்லை.

அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகர மையத்தில் சுமார் 70,000 பேர் முன்மொழிவுக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். வாக்களிப்புக்கு முந்தைய வாரம் பல்லாயிரம் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினார்கள். ஊர்வலத்தில் மெக்சிகோ கொடிகள் ஏராளமாகப் பறந்தன. அந்தப் படங்களே முன்மொழிவின் ஆதரவாளர்களுக்கு ஆயுதமாயின. வேற்றுநாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் உரிமை கேட்பதா என்று கேட்டார்கள். கொடி பிடித்தவர்களில் பலருக்கு அது தாய்தந்தையின் ஊர்மீதான பாசம்; வேறொரு நாட்டுக்கான விசுவாசம் அல்ல. ஆனாலும் தொலைக்காட்சியில் பார்த்த வாக்காளரிடம் அந்த விளக்கம் போய்ச் சேரவில்லை. போராட்டத்தை நடத்தியவர்களே இதை உணர்ந்தார்கள். ஆவணமின்றி இருப்பதைப் பெருங்குற்றமாக்கும் மசோதாவுக்கு எதிராக 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பல லட்சம் பேர் திரண்டபோது, அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவரும்படி அமைப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில் 187 நிற்கவில்லை. ஆவணமற்ற குழந்தைகளுக்குப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று டெக்சஸ் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1982-இலேயே ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்திருந்தது. வாக்களிப்பு முடிந்த சில நாட்களிலேயே தடை வந்தது. குடியேற்றத்தை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் அதிகாரம் என்று கூறி, நீதிபதி மரியானா ஃபெல்சர் 1997-இல் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என்றார். வில்சனுக்குப் பின் வந்த ஜனநாயகக் கட்சி ஆளுநர் கிரே டேவிஸ் 1999-இல் மேல்முறையீட்டை முடித்துக்கொண்டார். செயலிழந்த அந்த வரிகள் 2014-இல் சட்டப் புத்தகத்திலிருந்தும் நீக்கப்பட்டன.

தேர்தல் களத்தில் விளைவு வேறு விதமாக இருந்தது. 1952 முதல் 1988 வரை, 1964 தவிர, ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த மாநிலம் கலிஃபோர்னியா. 1996-இல் கட்சி மாநிலக் கீழவையில் பெரும்பான்மையை இழந்தது. அதே ஆண்டு, வலதுசாரிகளின் கோட்டையான ஆரஞ்சு கவுண்டியில் பாப் டார்னன் என்ற பழம்பெரும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லொரெட்டா சான்செஸிடம் ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். 2003-இல் டேவிஸைப் பதவியிறக்கி குடியரசுக் கட்சியின் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆளுநராக வந்தது நடுவில் ஒரு விலக்கு. 2006-க்குப் பிறகு மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் குடியரசுக் கட்சி வெல்லவில்லை. மிக நெருங்கி வந்தது 2010-இல், அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கான போட்டியில். அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றவர், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் தாய்வழி வேர்கொண்ட கமலா ஹாரிஸ். 187-க்கு எதிரான கோபத்தில் அரசியலுக்கு வந்த தலைமுறை ஒன்றும் உருவானது. எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துத் திரும்பிய அலெக்ஸ் படியா அவர்களில் ஒருவர். 2021-இல் அமெரிக்க மேலவை உறுப்பினரானார்.

இந்தச் சரிவுக்கு 187-தான் காரணமா? கெம்ப் வழி வந்தவர்கள் ஆம் என்கிறார்கள். ஒரு தேர்தலை வென்று ஒரு தலைமுறையைத் தோற்றதாக அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். எதிர்த் தரப்பின் பதிலும் வலுவானது. 1992-இலேயே மாநிலம் கிளின்டனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் வேலையிழந்த, குடியரசுக் கட்சிக்கு வாக்களித்துவந்த நடுத்தர வெள்ளையர்கள் பெருமளவில் வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் முன்பிருந்தே ஜனநாயகக் கட்சியின் பக்கம் அதிகம் சாய்ந்தவர்கள்தான். அப்படியிருந்தும் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 187-ஐ ஆதரித்தார். கறுப்பினத்தவரிலும் ஆசிய அமெரிக்கரிலும் பாதிப்பேர் வரை ஆதரித்தார்கள். ரேகனின் சட்டத்தால் உரிமை பெற்றவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதியை அடைந்ததும் அதே தொண்ணூறுகளின் நடுப்பகுதியில்தான். ஆகவே முழுப்பழியையும் 187-இன் மீது போடுவது பொருந்தாது. ஆனால் தகுதி வந்தவர்களை அவசரமாக விண்ணப்பிக்கவும், விண்ணப்பித்தவர்களைத் தவறாமல் வாக்குச்சாவடிக்குப் போகவும் வைத்ததில் அதற்கு இருந்த பங்கைக் குறைத்துச் சொல்வதும் சரியாகாது.

2024 தேர்தலில் டொனால்ட் டிரம்ப் கடுமையான குடியேற்றக் கொள்கையை முன்வைத்தே லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் வாக்குகளை முன்னைவிட அதிகம் பெற்றபோது, வில்சன் ஆதரவாளர்களின் வாரிசுகள் தங்கள் வாதம் நிரூபிக்கப்பட்டதாக எழுதினார்கள். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் குடியேற்றத் துறை நடத்திய சோதனைகளும், அவற்றை எதிர்த்த போராட்டங்களும், ஆளுநர் கேவின் நியூசமின் ஒப்புதலின்றி தேசியக் காவல்படையும் பின்னர் மரைன் படைவீரர்கள் 700 பேரும் இறக்கப்பட்டதும் பழைய வாதத்தை மீண்டும் கிளறின. மெக்சிகோ கொடிகள் மறுபடி திரைகளில் வந்தன, கூடவே எரிந்த கார்களின் புகையும். பெரும்பாலான வலதுசாரிப் பத்தியாளர்கள் அந்தப் படங்களை வைத்தே ஒழுங்கு, இறையாண்மை என்று எழுதினார்கள். அதே மாத இறுதியில் கலிஃபோர்னியாவின் குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் டிரம்புக்குக் கடிதம் எழுதினார்கள். வன்முறைக் குற்றவாளிகளைப் பிடிப்பதில் கவனம் செலுத்துங்கள், வேலைத்தலங்களில் கண்மூடித்தனமான சோதனைகளைத் தவிருங்கள் என்பது அவர்களின் கோரிக்கை.