நிற்கும் கப்பலில் மூன்று இரவுகள்

'வீடு', 'விடுதி' என்னும் இரு சொற்களும் 'விடு' என்னும் ஒரே அடியிற் பிறந்தவை. முதனிலை நீண்டு வீடு ஆயிற்று. 'தி' என்னும் விகுதி பெற்று விடுதி ஆயிற்று. ஒரு தாய் வயிற்று மக்களாகிய இவ்விரண்டும் வழக்கில் வெவ்வேறு திசை நோக்கிச் சென்றுவிட்டன. வீட்டில் இருப்பவனை ஊர் அறியும். அவன் தந்தையின் பெயரை அறியும். அவன் வளவின் எல்லையையும் அறியும். விடுதியில் இருப்பவனை அங்கு அறிந்தவர் எவரும் இலர். அறியாத ஒருவனுக்குக் கூரையும் பாயும் கொடுப்பது எளிய காரியம் அன்று. ஒரு சமுதாயத்தின் செல்வத்தை அதன் வீடுகளைக் கொண்டு அளக்கலாம். அதன் பண்பை அளக்க வேண்டுமாயின் அதன் விடுதிகளைப் பார்த்தல் வேண்டும். இக்கருத்தை எனக்கு நன்கு விளக்கிக் காட்டியது ஒரு கப்பல்.

என் தங்கையின் குடும்பம் நோர்வே நாட்டில் வாழ்கின்றது. அவளுடைய மூத்த மகளின் திருமணத்தின் பொருட்டுச் சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒஸ்லோ நகருக்குச் சென்றிருந்தேன். மணவினை முடிந்தபின் சில நாள் ஓய்விருந்தது. அயல்நாடாகிய சுவீடனின் தலைநகரைப் பார்த்து வரலாம் என்று மருமகன் அழைத்தான். தங்கும் இடத்தைப் பற்றி வினவினேன்.

“இடம் பிடிச்சிட்டன் மாமா. அறைக்குக் காசில்லை, கட்டிலுக்குத்தான் காசு. ஒரு கப்பலுக்குள்ளை. ஆனா அந்தக் கப்பல் ஓடாது.”

“ஓடாத கப்பலில் ஏறி எங்கே தம்பி போறது?”

“நித்திரைக்குத்தான் மாமா” என்றான்.

ஸ்ரொக்ஹோம் பல தீவுகளின்மேல் அமைந்த நகரம். அவற்றுள் ஒன்று ஷெப்ஸ்ஹொல்மென். பாலத்தைக் கடந்து அத்தீவில் இறங்கியதும், மூன்று பாய்மரங்கள் ஓங்கிய வெண்ணிறக் கப்பலொன்று கரையோடு கட்டுண்டு நிற்பதைக் காணலாம். எதிர்க்கரையில் பழைய நகரும் அரச மாளிகையும் தோன்றும். கப்பலின் பெயர் 'அவ் சப்மன்'. 1888ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வைற்ஹேவன் துறையிலே, 'டன்போயின்' என்னும் பெயரோடு அது நீரில் இறங்கியது. அவுஸ்திரேலியா வரை சென்று பண்டம் சுமந்தது. பின்னர் நோர்வே நாட்டவர் கைக்கும், 1915இல் சுவீடன் நாட்டவர் கைக்கும் மாறியது. 1923இல் சுவீடனின் கடற்படை அதனை வாங்கி, இளம் மாலுமிகளைப் பயிற்றும் கப்பலாக்கியது. கப்பற் கட்டுதலைக் கணித நெறிப்படி ஆராய்ந்து பதினெட்டாம் நூற்றாண்டில் நூல் செய்த பிறெட்றிக் ஹென்றிக் அவ் சப்மன் என்பாரின் பெயர் அப்போது சூட்டப்பட்டது. 1934இல் அதன் கடைசிக் கடற்பயணம் முடிந்தது. இனி உடைத்து இரும்பாக்க வேண்டியதே என்றிருந்த நிலையில், 1947இல் நகரத்தார் அதனைக் காத்தனர். 1949ஆம் ஆண்டு முதல் அது வழிப்போக்கரின் விடுதியாக இருந்து வருகின்றது.

வடமராட்சியிற் பிறந்தவனுக்குப் பாய்க்கப்பல் என்றதும் நினைவுக்கு வருவது வேறொரு கப்பல். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையைச் சென்றடைந்த 'அன்னபூரணி'யே அது. அத்தகைய கப்பலொன்று இன்று நம் கரையிலே நின்று, வருவோர்க்கெல்லாம் படுக்க இடம் கொடுக்குமாயின் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஏணிப்பாலத்தில் ஏறினேன். தமிழில் 'பாய்' என்னும் சொல் இரண்டு பொருள் தரும். காற்றை ஏந்துவதும் பாய். களைத்த உடம்பை ஏந்துவதும் பாய். ஒரு பாயைச் சுருட்டிவிட்டு மற்றப் பாயை விரித்த கப்பல் இது.

எங்களுக்குக் கிடைத்த அறை மிகச் சிறியது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்கள், கையகல வட்ட யன்னல், அதற்கப்பால் நீர். எங்களுக்கு முன்பே இருவர் அங்கே இருந்தனர். ஒருவர் கொரிய நாட்டு மாணவன். மற்றவர் எழுபது வயதை எட்டிய ஜேர்மனியர். துவிச்சக்கர வண்டியிலே நாடு சுற்றுபவர். கீழ்க்கட்டில் ஒன்றில் அந்த மாணவனின் பை கிடந்தது. அவன் என் நரையைப் பார்த்தான். மேற்கட்டிலின் ஏணியைப் பார்த்தான். ஒன்றும் பேசாது தன் பையை எடுத்து மேலே போட்டுவிட்டு, கீழ்க்கட்டிலை எனக்குக் கையாற் காட்டினான். என் பெயரை அவன் கேட்கவில்லை. நாடு எது, மொழி எது என்றும் கேட்கவில்லை. 'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் 'புதுமை' என்பது பொருள். புதிதாய் வந்தவரே விருந்தினர். உறவினர் விருந்தினர் ஆகார் என்று வகுப்பறையிலே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். அப்பாடத்தை எனக்கு ஒரு கொரியப் பிள்ளை வாய் திறவாமல் நடத்திக் காட்டினான்.

ஆனி மாதத்தில் அந்நாட்டில் இரவு என்பது பெயரளவே. பதினொரு மணிக்கும் வானம் வெளுத்திருந்தது. பொதுக் குளியலறைக்கு வேட்டியுடன் நான் நடந்து சென்றபோது ஓரிருவர் புன்னகைத்தனர். ஒருவரும் வியந்து நிற்கவில்லை. ஜேர்மனியரின் குறட்டை மட்டும் அக்கப்பல் இன்னும் கடலில் ஓடிக்கொண்டிருப்பது போன்ற மயக்கத்தைத் தந்தது.

மறுநாட் காலையிற் பொதுச் சமையலறைக்குச் சென்றோம. இத்தகைய விடுதிகளுக்கு ஒரு நெறி உண்டு. சமைப்பவரே பாத்திரம் கழுவுதல் வேண்டும்; அடுத்து வருபவருக்கு அடுப்பைத் துடைத்து வைத்தல் வேண்டும். ஏவலாள் இல்லை, ஆதலின் எசமானும் இல்லை. மருமகன் சோறும் பருப்பும் ஆக்கினான். ஜேர்மனியர் உருளைக்கிழங்கு அவித்தார். அவர் தட்டிற் பருப்பும் எங்கள் தட்டிற் கிழங்கும் இடம் மாறின. நான் ஆசிரியன் என்று மருமகன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அவரும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். “நீங்கள் உண்ணும் இந்த மேசையை உலகுக்குத் தந்தவரும் நம் தொழிலைச் சேர்ந்தவரே” என்று சொல்லி, ஒரு வரலாற்றைத் தொடங்கினார். மருமகன் மொழிபெயர்த்தான். பின்னர் நூல்களிலும் அதனைத் தேடிப் படித்தேன்.

றிச்சர்ட் ஷிர்மன் என்பவர் 1874இற் பிறந்தவர். ஜேர்மனியில் அல்ரெனா என்னும் ஊரிலே பள்ளி ஆசிரியராய் இருந்தவர். ஆலைப்புகை சூழ்ந்த ஊர்களில் வளரும் பிள்ளைகள் காட்டையும் ஆற்றையும் கால்நடையாகச் சென்று காணவேண்டும் என்பது அவர் கொள்கை. 1909ஆம் ஆண்டு ஓகஸ்ற் 26ஆம் நாள், மாணவர் கூட்டத்தோடு நடந்து செல்கையிற் பெருமழையும் இடியும் பிடித்துக்கொண்டன. புறோல் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம் திறந்துவிடப்பட்டது. அயலவர் வைக்கோல் கொடுத்தனர். வாங்குகளை ஒதுக்கி, வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர். ஆசிரியர் உறங்கவில்லை. 'விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றனவே. நடந்து வரும் பிள்ளைகளுக்கு அவற்றைத் திறந்துவிட்டால் என்ன?' என்னும் எண்ணம் அந்த இடிமுழக்கத்திடையே அவருக்குப் பிறந்தது. 1912இல் அல்ரெனாவின் பழங்கோட்டையிலே இளைஞர் விடுதி அமைந்தது. அக்காலத்து மரக்கட்டில்களை இன்றும் அங்கே பேணி வைத்திருக்கின்றனர்.

முதலாம் உலகப்போரில் ஷிர்மனும் போர்முனைக்குப் போக நேர்ந்தது. 1915ஆம் ஆண்டு நத்தார் நாளில், வொஸ்ஜஸ் மலையில் எதிரெதிரே பதுங்கியிருந்த ஜேர்மன் வீரரும் பிரெஞ்சு வீரரும் துப்பாக்கியை வைத்துவிட்டு, அப்பத்தையும் மதுவையும் தம்முள் மாற்றிக்கொண்டதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஒருவரையொருவர் அறியும் இடம் எல்லா நாட்டு இளைஞருக்கும் வேண்டும் என்பது அங்கே அவருக்கு உறுதியாயிற்று. 1919இல் ஜேர்மன் இளைஞர் விடுதிச் சங்கமும், 1932இல் அம்ஸ்ரடாம் நகரில் அனைத்துலக இணைப்பும் தோன்றின. நாற்சிகள் ஆட்சிக்கு வந்ததும் விடுதிகளைத் தம் இளைஞர் படையின் கைக்கு மாற்றினர். அனைத்துலக இணைப்பின் தலைமையினின்றும் 1936இல் ஷிர்மனை விலகச் செய்தனர். வருவோரைப் பிரித்துப் பாராத கதவு அவர்களுக்கு ஆகாததாயிற்று. ஆட்சி அழிந்தது, விடுதிகள் மீண்டும் எழுந்தன. 1961இல் அவர் மறைந்தார்.

இவ்வரலாற்றைக் கேட்ட எவருக்கும் நம் ஊர் மடங்கள் நினைவுக்கு வராமற் போகா. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடந்து செல்வோருக்கும் வண்டியிற் செல்வோருக்கும் நம் முன்னோர் மடமும் கிணறும் சுமைதாங்கியும் அமைத்தனர். ஆடுமாடுகளின் தினவு தீர ஆவுரோஞ்சிக்கல்லும் நாட்டினர். பருத்தித்துறையிலே தெருமூடிமடம் என்று ஒன்று உண்டு. தெருவே மடத்தின் நடுவாக ஓடும், இருபுறமும் திண்ணை, மேலே கூரை. நடப்பவன் நிழலைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவன் போகும் வழிமேலேயே நிழல் வந்து நிற்கும். இத்துணை நுட்பமான ஈகையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஆனால் முழுதும் சொல்லுதல் வேண்டும். நம் மடத்துத் திண்ணைகள் எல்லார்க்கும் ஒரேவகைத் திண்ணைகளாய் இருந்ததில்லை. மாட்டின் முதுகுக்குக் கல் நாட்டிய ஊரிலே, மடத்துக் கிணற்றில் அள்ளிக் குடிக்க முடியாமற் கையேந்தி நின்ற மனிதரும் இருந்தனர். 'நீர் எவ்விடம்? யாருடைய பகுதி?' என்னும் வினாவைக் கடந்த பின்னரே பலருக்கு நிழல் கிடைத்தது. கூரை பெரிதாய் இருந்தும் அதன் வாசல் சிறிதாய் இருந்தது.

அந்த வாசலை அகலத் திறந்ததும் ஒரு மழை இரவுதான். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. தென்மராட்சியில் ஒரு பாடசாலையிலே நான் அப்போது இளம் ஆசிரியன். வகுப்பறைகளைத் திறந்தோம். வாங்குகளைச் சுவரோடு அடுக்கினோம். ஐந்தாம் வகுப்பு அறையிற் பதினொரு குடும்பங்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு சேலையே மதில். முதல் நாளிரவில், மழையில் நனைந்து வாசலில் நின்றவர்களை நோக்கி, உள்ளே இருந்த சிலர் அந்தப் பழைய வினாவைக் கேட்டதுண்டு. “படிப்பிக்கிற இடத்திலை அது கேக்கக் கூடாது” என்றார் எங்கள் தலைமையாசிரியர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை; நின்றவர்களின் மூட்டையைத் தாமே தூக்கி உள்ளே வைத்தார். நான்காம் நாள், கேட்டவரும் கேட்கப்பட்டவரும் ஒரே அடுப்பிற் கஞ்சி காய்ச்சினர். கரும்பலகையில் இலக்கணம் இருந்த இடத்தில் அரிசிக் கணக்கு இருந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னரும் கரையோர மக்களுக்குப் பாடசாலைகளே வீடாயின.

புறோல் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூடமும் தென்மராட்சியின் பள்ளிக்கூடமும் ஒரே செயலையே செய்தன. அறியாதவருக்குத் தரையைக் கொடுத்தன. அங்கே அவ்விரவு ஒரு தொடக்கமாயிற்று. இங்கோ அச்சம் நீங்கியதும் வாங்குகளைப் பழையபடி வரிசையில் வைத்தோம். சாவியைப் போட்டுப் பூட்டினோம். துன்பத்தில் நம்மால் இயன்றது இன்பத்தில் இயலாதா?

ஆசிரியர்களே, எண்ணிப் பாருங்கள். வன்னியில் வளரும் ஒரு பிள்ளை மலையகத்துத் தேயிலை மலையைப் படத்திலன்றிக் காணாது வளர்ந்துவிடலாம். அட்டனிற் பிறந்த பிள்ளைக்கு நயினாதீவுக் கடல் ஒரு பாடப்பெயராகவே நின்றுவிடலாம். காலியிலே சிங்களம் பேசும் பிள்ளைக்கும், மட்டக்களப்பிலே தமிழ் பேசும் பிள்ளைக்கும் ஒருவர் வீட்டுச் சோற்றின் சுவை மற்றவருக்குத் தெரியாதிருக்கலாம். போர் முடிந்தது 2009இல். அறியாமை அந்நாளோடு முடிந்துவிடவில்லை. வாடகை விடுதிகளிற் பிள்ளைகளைத் தங்கவைக்க ஏழைப் பெற்றோரிடம் பணமில்லை. வகுப்பறைகளோ ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் பூட்டிக் கிடக்கின்றன.

பொறுப்பு யாருடையது, பெண் பிள்ளைகளுக்குக் காவல் யார், மலசலகூடம் போதுமா என்னும் கேள்விகள் எழும், எழவே வேண்டும். வருபவர்களுடன் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் வரட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அறை வேறாகட்டும். ஊர்ப் பெற்றோர் இருவர் இரவில் உடன் இருக்கட்டும். சமைத்தவரே பாத்திரம் கழுவட்டும். ஓர் ஊரில் ஒரு பாடசாலை, ஓராண்டில் ஒரு கிழமை, இருபது பிள்ளைகள். இந்த அளவிலே தொடங்கினாற் போதும்.

அரசு கட்டித் தரும்வரை காத்திருக்க வேண்டிய செயல் அன்று இது. கட்டடம் இருக்கின்றது, கிணறு இருக்கின்றது, நிழல் மரமும் இருக்கின்றது. வேண்டுவது சாவி ஒன்றே. அதனைத் தர முன்வரும் தலைமையாசிரியர் ஒருவர் எங்கேனும் இருப்பாராயின், முதல் இருபது பாய்களை நானே கொண்டுவந்து விரிப்பேன்.