திருகைத் தொடும் முன் ஜெட்டைப் பாருங்கள்

அமெரிக்கப் புறநகர்களில் குளிர் விலகியதும், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகள் கொட்டகையை விட்டு வெளியே வரும். பல வண்டிகள் ஸ்டார்ட் ஆகும், ஆனால் சீராக ஓடாது. வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். உடனே கை கார்புரேட்டர் திருகுக்குப் போகும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

கார்புரேட்டர் எனக்கு மிகப் பிடித்த கருவி. பெட்ரோலை உள்ளே செலுத்த அதற்குள் மோட்டார் எதுவும் இல்லை. காற்றுக்குழாயின் நடுவே ஓர் இடுக்கம் இருக்கிறது. அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தமே ஜெட் எனும் சிறு துளை வழியாக மேலே தள்ளிவிடும். இத்தாலிய அறிஞர் வெஞ்சூரி (1746–1822) ஆராய்ந்த விளைவு இது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றாலேயே குளிரும் இந்தச் சிறிய எஞ்சின்களுக்குப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே கொடுப்பார்கள்.

சரி, ஏன் ஏறி இறங்குகிறது? இந்த வண்டியில் வேகத்தைக் காப்பது கவர்னர். வேகம் குறைந்தால் அது காற்றின் வழியிலுள்ள த்ராட்டில் தகட்டைத் திறக்கும், கூடினால் மூடும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசின்போல் படிந்து, த்ராட்டில் மூடியிருக்கும்போது பெட்ரோல் தரும், ஊசிமுனையளவே உள்ள ஐடில் ஜெட்டை அடைத்துவிடும். பெட்ரோல் போதாமல் எஞ்சின் தளரும். கவர்னர் த்ராட்டிலைத் திறக்க, மெயின் ஜெட் பெட்ரோல் தரும், வேகம் எகிறும். கவர்னர் மூடும், மறுபடி தளர்ச்சி. எந்தத் திருகும் இந்த அடைப்பை நீக்காது. கிண்ணத்தைக் கழற்றி, ஜெட்டில் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காற்றால் ஊத வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், பிறகு எந்த அளவும் சரிவராது.

சுத்தம் செய்த பிறகுதான் திருகு. ஐடில் மிக்ஸ்சர் திருகை மெதுவாக, முட்டும்வரை உள்ளே திருப்புங்கள். இறுக்கினால் ஊசிமுனையில் தழும்பு விழும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஏர் ஃபில்டரை மாட்டி, எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் விடுங்கள். வேகம் தளரும்வரை உள்ளே, மறுபடி தளரும்வரை வெளியே திருப்பிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அந்த நடுவிடத்தைக் காது சொல்லிவிடும். 1997 மாடல்களிலிருந்து வந்த புகைக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு, பல வண்டிகளில் மெயின் ஜெட்டின் அளவை மாற்ற முடியாது, ஐடில் திருகுக்கும் மூடி உண்டு. அவற்றில் சுத்தம் செய்வதே முக்கால்வாசி வேலை.

கவர்னர் ஸ்பிரிங்கை மட்டும் இழுத்து வேகத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலான எஞ்சின்களின் உச்சவேகம் நிமிடத்துக்கு 3600 சுற்றை ஒட்டியது. எஞ்சின் சுழற்றும் பிளேடின் முனை வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் தரம். மணிக்குக் கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பிளேடில் படும் ஒரு கூழாங்கல், பக்கத்தில் நிற்பவரின் கண்ணைப் பறித்துவிடும்.