கொரிய இணையமும் வெளியுலகின் பார்வையும்

முகநூல் 2004ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1999இல், தென்கொரியாவில் சைவேர்ல்ட் என்னும் சமூக வலைத்தளம் பிறந்துவிட்டது. யாஹூ நிறுவனம் தன் வினா விடைத் தளத்தை 2005ஆம் ஆண்டின் இறுதியில் திறந்தது. கொரியாவின் நேவர் நிறுவனமோ 2002ஆம் ஆண்டிலேயே அத்தகைய தளமொன்றை நடத்தத் தொடங்கியிருந்தது. ஆயினும், இணைய வரலாறு என்று நாம் படிப்பவற்றில் இப்பெயர்கள் அரிதாகவே காணப்படுகின்றன. கொரிய மொழி தடையாக நின்றது என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை. மொழி கற்பிக்கும் நாம் இவ்விடையை ஆராயாமல் ஏற்றுக்கொள்ளுதல் தகாது.

நேவர் தளத்தின் கதையையே முதலில் பார்ப்போம். சாம்சுங் குழுமத்தின் மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றிய லீ ஹே-ஜின், 1999இல் இத்தேடுபொறியைத் தனி நிறுவனமாக நிறுவினார். அந்நாளில் இணையத்தில் கொரிய மொழிப் பக்கங்கள் மிகக் குறைவு. தேடுபொறி எவ்வளவு திறமுடையதாயினும், எழுதப்படாத பக்கத்தை அதனால் கண்டெடுக்க இயலாது. ஆகவே, மக்களையே எழுதவைக்க நேவர் முனைந்தது. ஒருவர் வினா எழுப்புவார். அதனை அறிந்த இன்னொருவர் விடை எழுதுவார். சமையல், சட்டம், பள்ளிக் கணக்கு, காதல் என எல்லாப் பொருள்களிலும் விடைகள் குவிந்தன. தளத்தின் பெயர் ‘ஜிஷிக்-இன்’. ‘அறிவுக்குள்’ என்றும் ‘அறிவாளர்’ என்றும் அப்பெயர் இருபொருள் தரும். மொழியில் உள்ளடக்கம் இல்லை என்ற குறையே இங்கு ஒரு நிறுவனத்தின் வளர்ச்சிக்கு வித்தாயிற்று.

ஆனால், அவ்வாறு குவிந்த செல்வம் நேவரின் மதிலுக்குள்ளேயே இருந்தது. பிற தேடுபொறிகளுக்கு அது பெரும்பாலும் திறந்துவிடப்படவில்லை. கொரிய மொழியை நன்கு அறிந்த ஒருவர் கூகிளில் தேடினாலும் அப்பக்கங்கள் எளிதில் அகப்படவில்லை. இதற்கு மொழியைக் குறைகூற முடியுமா?

சைவேர்ல்ட் இன்னும் தெளிவான சான்று. அப்பெயரின் முற்பகுதி, ‘இருவருக்கிடையிலான உறவு’ எனப் பொருள்படும் ‘சாய்’ என்னும் கொரியச் சொல்லை நினைவூட்டுவது. ஒவ்வொருவருக்கும் ‘மினிஹோம்பி’ என்ற சிறிய இல்லப்பக்கம் இருந்தது. அதில் ஓர் அறை; அந்த அறைக்கு வேண்டிய நாற்காலி, சுவர்த்தாள், பின்னணி இசை ஆகியவற்றை ‘தொத்தோரி’ என்னும் மின்காசு கொடுத்து வாங்க முடிந்தது. ஓக் மரக் கொட்டை என்பது அச்சொல்லின் பொருள். ஒரு கொட்டையின் விலை 100 வோனாக இருந்தது. விளம்பரத்தை மட்டும் நம்பாமல் மெய்நிகர்ப் பொருள் விற்றுப் பணம் ஈட்டும் வழியை, பிற நாட்டுத் தளங்கள் பல பின்னரே கற்றன. உச்சக்கட்டத்தில் கொரியாவில் மட்டும் 20 மில்லியனுக்கு மேற்பட்டோர் இதில் இணைந்திருந்தனர்.

எனினும், உறுப்பினராக விரும்புபவர் தம் பெயரோடு 13 இலக்கக் குடியிருப்பாளர் பதிவெண்ணையும் தரவேண்டியிருந்தது. அயல்நாட்டவரிடம் அவ்வெண் ஏது? கொரிய மொழியை முறையாகக் கற்ற வெளிநாட்டு மாணவரும் வாயிலிலேயே நின்றார். 2006இல் நிறுவனம் அமெரிக்காவில் ஆங்கிலத் தளம் திறந்தது. அதுவோ கொரியத் தளத்தோடு இணையாத தனித்தீவாக இருந்தது. மொழிபெயர்ப்பு இருந்தது, தோழர்கள் இல்லை. நான்கே ஆண்டுகளில் அத்தளம் மூடப்பட்டது. பதிவெண் முறை உள்நாட்டினருக்கும் கேடாகவே முடிந்தது. 2011இல் இந்நிறுவனத்தின் தளங்களில் நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 35 மில்லியன் பேரின் விவரங்கள் களவுபோயின. மறு ஆண்டு, இணையத்தில் உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கிய சட்டவிதியை அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது.

வெளியே தெரிந்தவை எவை? ‘டாட்டர் அண்ட் கம்பெனி’ என்னும் சிறிய நிறுவனம் தன் வலைப்பதிவு மென்பொருளின் மூலநிரலை யாவரும் காணுமாறு திறந்து வைத்திருந்தது. 2008இல் கூகிள் அதனை வாங்கியது. கொரியாவில் கூகிள் வாங்கிய முதல் நிறுவனம் அதுவே. 2011 மார்ச் நிலநடுக்கத்திற்குப்பின் நேவரின் ஜப்பானியக் கிளை உருவாக்கிய ‘லைன்’ செயலி, கைப்பேசி எண்ணை மட்டுமே கேட்டது. ஜப்பான், தைவான், தாய்லாந்து மக்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர்.

நம் வட்டாரத்தோடு நேரடித் தொடர்புடையது ‘விக்கி’ என்னும் காணொளித் தளம். அமெரிக்காவில் பயின்றுகொண்டிருந்த கொரியத் தம்பதியர் மூன் ஜி-வோன், ஹோ சாங்-சோங் ஆகியோர், ரஸ்மிக் ஹோவகிமியானுடன் சேர்ந்து இதனை நிறுவினர். பின்னர் சிங்கப்பூர் இதன் தலைமையிடமாயிற்று. காணொளி வழியே மொழி கற்கலாம் என்ற எண்ணமே இதன் தோற்றுவாய். இங்குக் கொரியத் தொடர்களுக்கு வசனவரி எழுதியவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஒருவர் காணொளியைச் சிறுசிறு பகுதிகளாக வெட்டித் தருவார். கொரியம் அறிந்தவர் அதற்கு ஆங்கில வரி எழுதுவார். அவ்வரியை வைத்துக்கொண்டு, கொரியத்தில் ஓர் எழுத்தும் அறியாத பலர் தத்தம் மொழியில் பெயர்த்தனர். 2013இல் ஜப்பானின் ரக்குட்டென் நிறுவனம் விக்கியை வாங்கியது. விலை ஏறத்தாழ 200 மில்லியன் அமெரிக்க வெள்ளி எனச் செய்திகள் கூறின. அதற்குப் பின்னும் தொண்டர்கள் வசனவரி எழுதிக்கொண்டிருந்தனர்.