ஒரே கோப்பில் ஒரு சி.டி.!

குட்டீஸ்! எங்கள் விக்கிரவாண்டியில் பல வீட்டு அலமாரிகளில் கல்யாணப் போட்டோ சி.டி.,க்கள் தூங்குகின்றன. ஆழமாகக் கீறல் விழுந்தால் படங்கள் போச்சு! அதற்குள், சி.டி.,யில் உள்ள 700 எம்.பி. வரையிலான அத்தனையையும், மென்பொருள் மூலம் 'ஐ.எஸ்.ஓ.' என்ற ஒரே கோப்பாக்கி, கணினியில் வைக்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007ல் வெளியிட்ட 'பாஸ்' இயங்குதளமும் இந்த வடிவில்தான் இணையத்தில் தரப்பட்டது.

படங்களை எடுக்க, மறுபடி சி.டி.,யில் பதிய வேண்டாம். விண்டோஸ் 8 முதல், கோப்பின் மீது இருமுறை கிளிக் செய்தால் புது டிரைவ் தோன்றும். வேண்டியதைக் காப்பி செய்து, உங்கள் போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள். முடிந்ததும், டிரைவை ரைட் கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுங்கள். விண்டோஸ் 7 என்றால், இலவச '7-ஜிப்' மென்பொருள் பிரித்துத் தரும்.

முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஐ.எஸ்.ஓ. கோப்பைத் திறக்காதீர்கள், வைரஸ் ஒளிந்திருக்கலாம்.

இந்த விடுமுறையில், அப்பா அம்மா துணையோடு தாத்தா, பாட்டி படங்களைக் காப்பாற்றுங்களேன்!