பகடையில் வளரும் மந்திரம்

முசஃபா ஷாபியாவில் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை பின்னேரங்களில் மேசையைச் சுற்றி இருந்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். "அக்கா, பிள்ளையள் மந்திரம் ஓதுதுகள், நிப்பாட்டுங்கோ" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி பதறிக்கொண்டு வந்தா. நான் நிப்பாட்டவில்லை, கிட்ட இருந்து பார்த்தேன். ஓதல் ஒன்றுமில்லை, முழுக்கக் கூட்டல் கணக்கு.

‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாகப் பேசி, பகடை உருட்டுவார்கள். முதலாம் படியில் தொடங்கி 20ஆம் படி வரை ஏறலாம். இரண்டாம் படிக்கு 300 அனுபவப் புள்ளி போதும். ஐந்தாம் படிக்கு 6,500 வேண்டும்.

மந்திரம் எப்படி வலுக்கிறது? தீப்பந்து மந்திரத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் படிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. ஐந்தாம் படிக்காரன் ஐந்து உருட்டுவான், பத்தாம் படிக்காரன் பத்து. அதற்கு மேல் கூடாது. 2014இல் இதை மாற்றினார்கள். யார் போட்டாலும் எட்டுப் பகடை. கூட வேண்டுமென்றால், பெரிய மந்திரத்துக்கென்று வைத்திருக்கும் சக்தியை இதற்குச் செலவழிக்கவேண்டும். செலவழித்தது பெரும்பாலும் நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் திரும்பும். எனக்கு இந்த விதிதான் பிடித்தது. பலம் சும்மா வருவதில்லை. தீப்பொறி எறிவது போன்ற சின்ன மந்திரங்கள் மட்டும் 5, 11, 17ஆம் படிகளில் செலவில்லாமல் வலுக்கும்.

திறன்களுக்கு, பயிற்சி உள்ளவனுக்கு முதலில் 2 கூட்டுவார்கள். 17ஆம் படியில் அது 6.

1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ வேறு மாதிரி. பாவித்து வெற்றி கண்ட திறன்தான் வளரும். அதற்கும் நூறுக்குள் உருட்டி, இருக்கும் திறனைவிடக் கூட விழவேண்டும். திறன் 30 என்றால் நூற்றுக்கு 70 வாய்ப்பு. 90 என்றால் பத்தே பத்து. தெரிந்தவனுக்கு மேலும் தெரிந்துகொள்வது கஷ்டம் என்பதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள்.

ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து இங்கே களஞ்சியத்தில் சாமான் எண்ணும் என் வீட்டுக்காரர், "படி இறக்கிற விதி இல்லையோ?" என்று கேட்டார்.

"பழைய பதிப்புகளில இருந்ததப்பா. சில பேய்கள் தொட்டால் ஒரு படி போயிடும். இப்ப எடுத்திட்டாங்கள்" என்றான் மகன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

தொடங்க ஏழு பகடை கொண்ட ஒரு பொதி, பென்சில், கொப்பி போதும். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசம், ஆனால் ஆங்கிலத்தில். எங்கள் பிள்ளைகள் கதையை மட்டும் தமிழில் சொல்கிறார்கள்.