சுவரை அளந்து விலை பேசுங்கள்

மட்டாஞ்சேரியின் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள், உட்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத் தரையின் சதுர அடியைச் சொல்லி விலை பேசிவிடக் கூடாது. தரையைப் போல் மூன்றரை மடங்கு சுவர் என்பது பெயிண்டர்களின் வாய்க்கணக்கு. புதிய ஃபிளாட்டுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும்.

12க்கு 10 அடி அறை என்றால் வாய்க்கணக்கில் 420 சதுர அடி. சுவர் 10 அடி உயரமானால் டேப் வைத்த கணக்கு 440. அதுவே 14 அடியானால் 616! உட்கூரைக்கு இன்னும் 120. சாரமும் கட்ட வேண்டும். வேலை பாதியில் இருக்கும்போது இது தெரிந்தால், இரண்டு கோட் ஒரு கோட்டாகும், அல்லது சண்டை வரும்.

கதவு, ஜன்னலைக் கழிப்பதிலும் தகராறுண்டு. இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 1200 இதற்கு வழி சொல்கிறது. அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் ஒரே பெயிண்ட் என்றால், ஒருபுறம் மட்டுமே கழிவு. திறப்பின் உள்விளிம்புகளுக்கும் பெயிண்ட் அடிக்கிறார்களே, அதற்கு ஈடு. தடித்த சுவர்களில் இது நியாயமே.

ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவரைச் சுரண்டும் கூலியைத் தனியே பேசுங்கள். பெயிண்டை நீங்களே வாங்கித் தந்தால், காலி டப்பா யாருக்கு என்பதையும்!